மாமியாருக்கு ஒரு சுவர்

மாமியார் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். சுவர் இன்னும் வரவில்லை.

புதன்கிழமை காலை நிலவரம் அதுதான். வீட்டில் இருப்பது ஒரு படுக்கையறை, ஒரு நீளமான ஹால். ஹாலின் ஜன்னல் பக்கத்துக்கு ஏற்கெனவே மூன்று சுவர் உண்டு. நாலாவது பக்கம் மரச்சட்டம் நிறுத்திப் பலகை அடித்துவிட்டால் மாமியாருக்கு ஓர் அறை கிடைத்துவிடும். தச்சர் அடுத்த மாதக் கடைசியில் வருவதாகச் சொல்லி, அதற்கு ஒரு தொகையும் சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து கண்ணாடிக்காரரின் பேச்சில் 'நாமே' என்ற சொல் அடிக்கடி வந்துகொண்டிருந்தது.

கண்ணாடிக்காரர் என்றால் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். ஊரார் கண்ணைப் பரிசோதித்து, அவர்களுக்கு எல்லாம் நேராகத் தெரியும்படி செய்வது அவர் தொழில். இருபது வருடமாக அதைக் குறையில்லாமல் செய்துவருகிறார். வம்பெல்லாம் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்த பிறகுதான்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள முடியலைன்னா அம்மா என்கூட ரூம்ல படுத்துப்பாங்க. நீங்க ஹால்ல சோபாவுல படுத்துக்கோங்க" என்றாள் மனைவி.

"எத்தனை நாளைக்கு?"

"அம்மா எத்தனை நாள் இருக்காங்களோ அத்தனை நாளைக்கு."

மாமியார் ஒரேயடியாகத் தங்குவதற்குத்தான் வருகிறார். சோபா கண்ணாடிக்காரரைவிட ஒரு முழம் குட்டை.

மாமியார் இத்தனை வருடமும் மகன் வீட்டில், ஊரின் அந்தக் கோடியில் இருந்தவர். திங்கட்கிழமை திடீரென்று மகளுக்குப் போன் செய்தார். "இனிமே இங்க இருக்க முடியாதும்மா. எந்நேரமும் ஒரே சத்தம். காரணம் கேக்காதே, அவன் மானம் போயிடும். எனக்கு நாலு சுவரும் ஒரு கதவும் போதும். கதவைச் சாத்தினா நிம்மதியா இருக்கணும்."

எந்நேரமும் சத்தம் என்றதுமே மகளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வேறு யார், அண்ணிதான். அன்றைக்கே அண்ணிக்கு நறுக்கென்று நாலு வரி எழுதி அனுப்பினாள். அதிலிருந்து அண்ணனும் போனை எடுக்கவில்லை, அண்ணியும் எடுக்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு என்று வீட்டில் தீர்ப்பும் ஆகிவிட்டது.

"அம்மா இதுவரைக்கும் என்கிட்ட ஒண்ணுமே கேட்டதில்லைங்க. முதல் தடவையா கேட்டிருக்காங்க" என்றாள் மனைவி.

கண்ணாடிக்காரருக்கும் மனசு கேட்கவில்லை. மாமியார் நல்ல மனுஷி. எந்த வீட்டுக்குப் போனாலும் தன் தலையணையைத் தானே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போவார். யாருக்கும் தொந்தரவாக இருக்கக் கூடாது என்பது அவர் எண்ணம்.

"நானே கட்டறேன். ஆனா அத்தைகிட்ட மூச்சு விடாதே. வந்து பாத்து அசந்து போகணும்" என்றார்.

அன்று மாலை கருவிக் கடையில் ஐந்து டிரில்களை வரிசையாக வைக்கச் சொல்லி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"ஒண்ணு நல்லாருக்கா, ரெண்டு நல்லாருக்கா? சரி, இப்போ ரெண்டா, மூணா?"

"சார், அதை நீங்கதான் சொல்லணும்" என்றார் விற்பனையாளர்.

விலைச் சீட்டுகளைப் படித்த பிறகு இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டார். ரம்பத்தின் விலைக்குத் தச்சரையே ஒரு மாதம் வீட்டில் வைத்துக்கொள்ளலாம்போல இருந்தது. அசடு வழிந்துகொண்டே வெளியே வந்தவர் கண்ணில், எதிர்சாரியிலிருந்த பழைய சாமான் கடை பட்டது.

பழைய சாமான் கடைக்காரர் மேஜைமேல் நாலு கருவிகளைப் பரப்பினார். சட்டம் அறுக்க மின்சார ரம்பம், திருகாணி முடுக்க டிரில், விசையை அழுத்தினால் ஆணி அடிக்கிற நெயில் கன், சுவரில் நேர்க்கோடு காட்டுகிற லேசர்.

"நாலும் ஒரே வீட்டு சாமான். நேத்துதான் வந்துச்சு. வாங்கி ஒரு மாசம்கூட ஆகலையாம்."

"அப்புறம் ஏன் வித்துட்டார்?"

"குடும்பச் சூழ்நிலைன்னார். நான் சொன்ன விலைக்கு மறுபேச்சு பேசலை. முதல்ல உள்ள எடுத்து வைங்கன்னு மட்டும் சொன்னார்."

"பாவம்" என்றார் கண்ணாடிக்காரர். அவருக்கு உள்ளூரக் கொள்ளை மகிழ்ச்சி. ரம்பத்தின் பிடியில், கை வழுக்காமலிருக்க, ஊதாவில் வெள்ளைப் புள்ளி போட்ட துணிப்பட்டை ஒன்று சுற்றியிருந்தது. "பாத்தியா, எவ்வளவு ஆசையா வெச்சுக்கிட்டிருந்திருக்கார்" என்று வீட்டில் மனைவியிடம் காட்டினார்.

வியாழக்கிழமை ரம்பம் வேலையைக் காட்டியது. அதன் தகடு லேசாகக் கோணியிருந்ததால் எந்தச் சட்டத்தை அறுத்தாலும் நுனி சரிந்தது. சரிந்த நுனியைச் சமமாக்க இன்னொரு முறை அறுத்தார். அந்தச் சட்டம் குட்டையானது. மற்ற சட்டங்களையும் அதன் அளவுக்குக் குறைத்தார். அவற்றில் ஒன்று இன்னும் குட்டையாகிவிட, எல்லாவற்றையும் அதன் அளவுக்குக் குறைத்தார். சாயங்காலம் எல்லாம் ஒரே அளவுக்கு வந்தபோது சட்டங்கள் அவர் நெஞ்சு உயரம் இருந்தன.

"எங்கம்மா ரூமுக்குள்ள குனிஞ்சே இருக்கணுமா?" என்று கேட்டாள் மனைவி.

வேறு மரம் வாங்கி வந்தார். இந்த முறை நுனி சரிந்தால் சரியட்டும் என்று ஒரே அறுப்போடு விட்டுவிட்டார்.

வெள்ளிக்கிழமை லேசரின் முறை. சட்டம் நிற்கவேண்டிய இடத்தில் சுவர்மேல் சிவப்பாக ஒரு கோடு விழுந்தது. கண்ணாடிக்காரர் இடுப்பில் கைவைத்து ரசித்தார்.

"கோடு சாஞ்சிருக்குங்க" என்றாள் மனைவி.

"லேசர் பொய் சொல்லாது. உன் கண்ணுலதான் கோளாறு."

"நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு."

"எல்லாரும் என்கிட்ட வந்து அதைத்தான் சொல்லுவாங்க."

கடைக்குப் போய்ப் பரிசோதனைக் கண்ணாடியைப் பெட்டியோடு தூக்கி வந்தார். மனைவியை ஸ்டூலில் உட்கார வைத்து வில்லைகளை ஒவ்வொன்றாக மாற்றினார். பதினோராவது வில்லையில் அவள் தலையாட்டினாள்.

"இப்போ கோடு நேரா இருக்கு."

"நான்தான் சொன்னேனே."

"ஆனா நீங்க சாஞ்சிருக்கீங்க."

அதை அவர் பொருட்படுத்தவில்லை. அந்த வில்லை போட்டு மனைவி பெயரில் ஒரு கண்ணாடிக்கு எழுதிவைத்துவிட்டு, சிவப்புக் கோட்டின்படியே சட்டங்களை நிறுத்தினார். பிறகு ஒரு ஆப்பிளைத் தரையில் உருட்டிப் பார்த்தார். ஏன் உருட்டினார், அதிலிருந்து என்ன தெரிந்துகொண்டார் என்பது யாருக்கும் தெரியாது. ஆப்பிளைக் கழுவித் தின்றுவிட்டார்.

சட்டங்களைத் திருகாணியால் முடுக்கலாம் என்று டிரில்லை எடுத்தபோது அது பின்பக்கமாக மட்டுமே சுற்றியது. முடுக்க வைத்த திருகாணியெல்லாம் நாகரிகமாக வெளியே வந்து விழுந்தது. சரி, ஆணி இருக்கவே இருக்கிறது என்று சனிக்கிழமை காலை நெயில் கன்னைக் கையில் எடுத்தார்.

"சோபாவை முதல்ல நகர்த்திடலாம்" என்றாள் மனைவி.

"அது பாட்டுக்கு இருக்கு. அது என்ன பண்ணுது உன்னை?"

விசையை ஒரு தடவைதான் அழுத்தினார். நெயில் கன் ஏழு ஆணி அடித்தது. இரண்டு சட்டத்தில் இறங்கின. ஐந்து, சட்டத்தைத் தாண்டி சோபாவின் மரத்தில் இறங்கின. சோபாவை இழுத்துப் பார்த்தார். மொத்தச் சட்டமும் கூடவே அசைந்தது. கருவிகளில் கழற்றத் தெரிந்தது அந்த டிரில் ஒன்றுதான். அதற்கும் திருகாணியைத்தான் கழற்றத் தெரியும், ஆணியை அல்ல.

மனைவி சோபாவைச் சுற்றி வந்து பார்த்தாள். பாதி அந்தப் பக்கம் இருந்தது, பாதி இந்தப் பக்கம்.

"அப்போ நீங்க தலையை ஹால்லயும் காலை எங்கம்மா ரூம்லயும் வெச்சுத் தூங்கப் போறீங்களா?"

"சுவர் முடிஞ்சா நான் ஏன் சோபாவுல படுக்கப் போறேன்?" என்றார் கண்ணாடிக்காரர். நியாயமான பேச்சு. ஆனால் அவர் குரலில் அவருக்கே நம்பிக்கை இல்லை.

சிக்கல் என்னவென்றால், கதவுக்கென்று விட்டிருந்த இடைவெளியும் அங்கே, இடது கோடியில்தான் இருந்தது. சோபா குறுக்கே நிற்க, அந்த வழியாக யார் போக முடியும்? யோசித்து யோசித்து, கதவை வலது கோடிக்கு மாற்றிவிடுவதென்று முடிவு செய்தார். இடது கோடியில் சோபாவுக்கு ஏற்றபடி பலகையை வெட்டி அடைத்துவிடலாம். வாங்கி வைத்திருந்த கதவை ஜன்னலோரம் சாய்த்து வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஒரே ஒரு பலகை பாக்கி. கரண்ட் பிளக் ஜன்னல் பக்கம் இருந்ததால் கண்ணாடிக்காரர் உள்ளே நின்று வேலை செய்தார். மனைவி வெளியிலிருந்து பலகையைப் பிடித்துக்கொண்டாள். நெயில் கன் ஒரு அழுத்தலுக்கு ஏழு ஆணி வீதம் அடித்தது. இப்போது அது நல்லதாகவே பட்டது.

"முடிஞ்சது" என்றார் உள்ளிருந்து. "எப்படி இருக்கு?"

"சாஞ்சிருக்கு. ஆனா சுவருங்க. நெஜமான சுவர்." மனைவியின் குரலில் பல நாள் கழித்து ஒரு சிரிப்பு கேட்டது. அவள் கையால் பலகையைத் தடவிப் பார்த்தாள். "அம்மாவுக்குப் பிடிக்கும்."

வாசல் மணி அடித்தது.

"அம்மா வந்துட்டாங்க. சீக்கிரம் வெளிய வாங்க."

"இதோ" என்றார் கண்ணாடிக்காரர். இடது பக்கம் பார்த்தார். பலகை. வலது பக்கம் பார்த்தார். பலகை. அதைச் சனிக்கிழமையே அவர்தான் அடித்திருந்தார், கதவை வலது கோடிக்கு மாற்றியதை மறந்து. கதவு என்னவோ பத்திரமாக அவரோடு உள்ளேதான் இருந்தது. வாசல்தான் இல்லை.

"ஏங்க?"

"அத்தையை உக்காரச் சொல்லு."

"எங்க உக்காரச் சொல்றது? பாதி சோபாதான் இந்தப் பக்கம் இருக்கு."

"அந்தப் பாதியில உக்காரட்டும்."

மாமியார் ஒரு கையில் பையும் கக்கத்தில் தலையணையுமாக உள்ளே வந்தார். முகம் களைத்துப்போயிருந்தாலும் நிம்மதி தெரிந்தது. சுவரைப் பார்த்தார். சுவருக்குள் போய் மறைந்த சோபாவைப் பார்த்தார்.

"மாப்பிள்ளை எங்கம்மா?"

"உள்ள இருக்காரும்மா. உனக்கு ரூம் தயார் பண்றாரு."

"கதவு எங்க?"

"அதுவும் உள்ள இருக்கு."

அந்த நேரம் சுவர் பேசியது. "வாங்க அத்தை. பிரயாணமெல்லாம் சௌகரியமா?"

"சௌகரியம்தான் மாப்ளே" என்றார் மாமியார், எந்தப் பலகையைப் பார்த்துப் பேசுவது என்று தெரியாமல். "நீங்க நல்லாருக்கீங்களா?"

"நல்லாருக்கேன் அத்தை. ரெண்டே நிமிஷம். கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

உள்ளே ரம்பம் உறுமத் தொடங்கியது. மாமியாரின் முகத்திலிருந்த நிம்மதி அப்படியே வடிந்தது. பையைக் கீழே போட்டுவிட்டு, தலையணையை மார்போடு அணைத்தபடி வாசற்கதவுவரை பின்னால் போய்விட்டார்.

"பயப்படாதேம்மா, அவர்தான்" என்றாள் மகள்.

பலகையில் ஒரு பல் தெரிந்தது. அப்புறம் தகடு முழுவதும் வந்தது. மேலே போய், சரிந்து, குறுக்கே போய், மனசு மாறியதுபோல் கீழே இறங்கியது. உறுமல் நின்றது. ஒரு உதை விழ, எந்தக் கதவும் பொருந்த முடியாத வடிவத்தில் ஒரு துண்டுப் பலகை ஹாலில் வந்து விழுந்தது. அந்த ஓட்டை வழியாக, தலையிலிருந்து கால்வரை மரத்தூளோடு, கையில் ரம்பத்தோடு கண்ணாடிக்காரர் வெளியே வந்தார்.

"உங்க ரூம், அத்தை" என்றார். நாலு நாள் பாடெல்லாம் மறந்து அவர் முகம் மலர்ந்திருந்தது. "சத்தமே வராது. நானே என் கையால கட்டினேன்."

மாமியார் அறையைப் பார்க்கவில்லை. ரம்பத்தின் பிடியைப் பார்த்தார். மகளும் பார்த்தாள். அதில் ஊதாவில் வெள்ளைப் புள்ளி போட்ட துணிப்பட்டை. பிறகு அம்மாவின் தலையணையைப் பார்த்தாள். அதே ஊதா, அதே வெள்ளைப் புள்ளி. உறையின் ஒரு ஓரத்தில் மட்டும் நாலு விரல் அகலத்துக்குத் துணி கிழிக்கப்பட்டிருந்தது. அண்ணிக்கு அனுப்பிய நாலு வரி அவளுக்கு ஞாபகம் வந்தது.

மாமியார் கீழே கிடந்த பையை மெதுவாக எடுத்துக்கொண்டார்.

"மாப்ளே, உங்க மச்சானும் எனக்கு ரூம் கட்டறேன்னுதான் இதை வாங்கினான். இதுக்குப் பயந்துதானே நான் இங்க ஓடி வந்தேன்."