கண்ணாடிப் பெட்டிக் கல்

ஞாயிறு காலை தகெமுரா சமையலறைக்குள் நுழைந்தபோது, பழங்காலக் கடல்தரையின் ஒரு துண்டு ஊறுகாய்க்கு முட்டைக்கோஸ் ஊறும் வாளியின் மேல் உட்கார்ந்திருந்தது.

"சுமியே, இதை யார் இங்க வச்சது?"

"நான்தான்," என்றாள் மனைவி. "பாரம் வைக்கக் கல்லு தேடினேன். கூடத்துல இது சும்மா கெடந்துச்சு. நல்ல கனம்."

"இது பள்ளிக்கூடத்துக் கல்லு."

"கல்லுதானே?"

வெறும் கல்லா அது? தென்கடலின் அடியில் எரிமலைக் குழம்பாகப் பிறந்தது. நகம் வளரும் வேகத்தில் நகரும் புவித்தட்டின் மேல் கோடிக்கணக்கான ஆண்டுகள் பயணம் செய்தது. அந்தத் தட்டு ஜப்பானின் ஷிகோகு தீவுக்கு அடியில் புகுந்தபோது சுரண்டப்பட்டுக் கரையோடு ஒட்டிக்கொண்டது. முன்னாள் தலைமையாசிரியர் ஒகபயாஷி, ஒரு புயல் நாளில் உயிரைப் பணயம் வைத்து அதை கடல்முனைப் பாறையிலிருந்து பெயர்த்து வந்தார். பள்ளியில் எல்லாருக்கும் தெரிந்த கதை. அன்றிலிருந்து அது கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. பெட்டியின் மேல் அவரே எழுதி ஒட்டிய சீட்டும் இருக்கிறது: 'எக்காரணம் கொண்டும் திறக்க வேண்டாம்.'

துணைத் தலைமையாசிரியரைக் கெஞ்சித்தான் தகெமுரா பெட்டியைத் திறக்க வைத்து, பாடம் தயாரிக்கக் கல்லை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். மறுநாள் பெற்றோர் வந்து வகுப்பைப் பார்க்கும் நாள். ஒகபயாஷி சிறப்பு விருந்தினர். தகெமுரா தற்காலிக ஆசிரியர். ஏப்ரலில் புதுக் கல்வியாண்டு தொடங்கும்போது வேலை நீடிக்குமா என்பது தலைமையாசிரியர் கையில். தலைமையாசிரியரோ, ஒகபயாஷி தும்மினால் ஜன்னலைச் சாத்துகிறவர்.

தகெமுரா கல்லை எடுத்து முகர்ந்தார்.

"நாறுது."

"என்ன நாறுது?"

"தவிட்டுல முள்ளங்கி ஊறுற நாத்தம்."

"நான் போட்டது முட்டைக்கோஸ். வெறும் உப்பு. நம்ம வீட்டுல தவிடே கெடையாது."

"அப்ப இது எங்கேருந்து வந்துச்சாம்?"

"உங்க தென்கடல்லேருந்து வந்திருக்கும்."

தகெமுரா கல்லை வெந்நீரில் சோப்பு போட்டுத் தேய்த்தார். சூடு பட்டதும் நாற்றம் தூக்கம் கலைந்து எழுந்தது போல வீடு முழுக்க நடமாடியது. மாடியில் வெயிலில் வைத்தார். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து, "முள்ளங்கி போட்டாச்சா சார்? எங்களுக்கும் கொஞ்சம் குடுங்க," என்றார்.

நாற்றத்துக்கு வினிகர் நல்லது என்று எங்கோ படித்த ஞாபகம். வாளி நிறைய ஊற்றிக் கல்லை இறக்கினார். கல்லின் குறுக்கே ஓடிய வெள்ளைக் கோட்டிலிருந்து நுரை பொங்கியது. மாலைவரை பொங்கட்டும், அழுக்கு போகிறது என்று விட்டுவிட்டார்.

மாலையில்தான் உறைத்தது. ஒவ்வொரு ஆண்டும் முதல் பாடத்தில் ஏதாவதொரு கல்லின் மேல் வினிகரைச் சொட்டி, "நுரைச்சா என்ன அர்த்தம்?" என்று கேட்பார். பிள்ளைகள் ஒரே குரலில் "சுண்ணாம்பு" என்பார்கள். வெள்ளைக் கோடு சுண்ணாம்பு.

ஓடிப்போய்க் கல்லைத் தூக்கினார். பாதிதான் மேலே வந்தது.

சுமியே எட்டிப் பார்த்தாள். "நல்லதாப் போச்சு. இப்ப ரெண்டு வாளிக்கு ஆகும்."

"என் வேலை போயிடும், சுமியே."

அவள் பசைக் குழாயைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் அவசரமாக அழுத்தினார். பாதிகள் விரற்கடை விலகி ஒட்டிக்கொண்டன. அதைக் கவனித்தபோது பசை இறுகிவிட்டது. இப்போது கல் தவிடும் வினிகரும் பசையுமாக நாறியது.

திங்கட்கிழமை வகுப்பில் எல்லா ஜன்னல்களையும் திறந்துவைத்தார். பிப்ரவரிக் காற்றில் பெற்றோர் பின்சுவர் ஓரம் கோட்டைப் போர்த்திக்கொண்டு நின்றார்கள். முன்வரிசை நாற்காலிகளில் ஒகபயாஷியும் அவர் மனைவியும். இத்தனை ஆண்டில் ஒருமுறைகூட அவர் மனைவியைப் பள்ளிக்கு அழைத்து வந்ததில்லை. இன்று அந்த அம்மாள் பிடிவாதமாகக் கிளம்பி வந்திருந்தார்.

"நம்ம காலுக்குக் கீழ இப்பவும் தட்டு புகுந்துக்கிட்டே இருக்கு," என்றார் தகெமுரா. "சில இடத்துல சிக்கிக்கும். மேல இருக்கறதையும் சேர்த்து இழுக்கும். தாங்க முடியாம ஒருநாள் விடுபடும். அதுதான் நிலநடுக்கம்."

அவர் குரலும் லேசாக ஆடியது. துணியை விலக்கிக் கல்லைக் காட்டினார்.

முன்பெஞ்சு மாணவி கை தூக்கினாள். "சார், நடுவுல ஏன் கோணலா இருக்கு?"

"அது பிளவு. ரெண்டு பக்கமும் நழுவியிருக்கு."

"எப்ப சார் நழுவுச்சு?"

"சமீபத்துல." அவர் கோணலைக் கையால் மறைத்தார். "புவியியல் கணக்குல, ரொம்ப சமீபத்துல."

ஒகபயாஷியின் முகம் வெளுத்தது. மூக்கு விடைத்தது. அவர் பாதி எழுந்தார்.

"போதும் தம்பி. உள்ள கொண்டுபோய் வைங்க."

தகெமுராவின் காதில் அது ஏப்ரல் மாதத்துத் தீர்ப்பாக விழுந்தது. கல்லை எடுக்கக் கை நீட்டினார். அதற்குள் தலைமையாசிரியர் முந்திக்கொண்டார்.

"சும்மா இருங்கய்யா. நீங்க உயிரைக் கொடுத்துக் கொண்டுவந்த கல்லு. அம்மாவும் ஒரு தடவை தொட்டுப் பார்க்கட்டும்."

"வேணாம்," என்றார் ஒகபயாஷி. "அவளுக்கு மூட்டு வலி."

"மடியிலதானே வைக்கிறோம்."

வைத்தார். பசை விட்டது. அந்த அம்மாளின் மடியில் கல் இரண்டாகத் திறந்துகொண்டது.

தகெமுரா இடுப்பு வளையக் குனிந்தார். "மன்னிக்கணும்மா. எல்லாம் என் தப்பு. அந்த நாத்தமும் எங்க வீட்டுலதான்…"

அந்த அம்மாள் அவரைப் பார்க்கவில்லை. ஒரு பாதியை மூக்கருகே கொண்டுபோய் நிதானமாக முகர்ந்தார். பிறகு கணவரின் பக்கம் திரும்பினார்.

"என்னங்க, இது அத்தையோட முள்ளங்கிச் சாடிக் கல்லுல்ல? புயல் அடிச்சுக்கிட்டுப் போச்சுன்னு சொன்னீங்க?"