டீமன் ஓட்டிய அலைச்சாமி

மந்தாரக்குப்பத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினால் யாரிடமும் வழி கேட்க வேண்டாம். லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கவலையாக நடக்கும் யாராவது ஒருவர் பின்னால் போனால் போதும், அலைச்சாமியின் ஆசிரமம் வந்துவிடும். ஆசிரமம் என்றதும் மரத்தையும் மானையும் தேடாதீர்கள். பரோட்டாக் கடைக்கு மேலே ஒரு மாடி, தகரக் கூரை, படிக்கட்டு முழுக்கச் செருப்பு.

பிள்ளை வரம், கல்யாண தோஷம் என்று மற்றவர்கள் விற்கும் பழைய சரக்கு எதையும் அலைச்சாமி தொடமாட்டார். காலத்துக்கேற்ற சாமி. லேப்டாப்பில் வைஃபை வரவில்லையா? பேய் பிடித்திருக்கிறது. ஓட்டிவிடுவார்.

ஆதாரமும் கைவசம் இருந்தது. அந்தப் பக்கத்துப் பிள்ளைகளிடம் இருப்பதெல்லாம் பள்ளியில் கொடுத்த ஒரே மாதிரி லேப்டாப். உள்ளே விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ். போட்டவுடன் திரையில் ஆங்கில வரிகள் கடகடவென்று ஓடும். நடுநடுவே 'டீமன்' என்றொரு சொல் வரும். சாமி பிரம்பால் அதைத் தட்டிக் காட்டுவார்.

"படிச்சவங்க படிங்க! டீமன்னா இன்னா? பேயி! நான் சொல்லல, மெஷினே தன் வாயால சொல்லுது!"

ஆங்கிலம் தெரியாதவர்கள் பயந்தார்கள். பாதி தெரிந்தவர்கள் இன்னும் அதிகமாகப் பயந்தார்கள்.

பிறகு லேப்டாப்பை மடியில் வைத்துச் சிவப்புப் பட்டைப் போர்த்துவார். இரண்டு கையும் பட்டுக்குள் போகும். "ஓம் ஹ்ரீம் இன்டர்நெட்டாய நமஹ!" பட்டை விலக்கினால் அக்கம்பக்கத்து வைஃபை பெயர்களெல்லாம் திரையில் வரிசையாக நிற்கும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

பரிகாரம் இரண்டு வகை. ஒன்று காண்ட்ராக்ட், இன்னொன்று பெர்மனென்ட். சுரங்க வேலையே இந்த இரண்டு வகைதான் என்பதால், நெய்வேலிப் பக்கத்து ஆளுக்கு இந்த இரண்டு வார்த்தைகளையும் யாரும் விளக்க வேண்டியதில்லை. காண்ட்ராக்டில் ஓடிய பேய் சில நாளில் திரும்பி வரும். பெர்மனென்ட் என்றால் வரவே வராது, ஆனால் லேப்டாப் மூன்று நாள் சாமியின் அறையில் இருக்க வேண்டும். தட்சணையும் பெர்மனென்ட் ஆளின் சம்பளத்தைப் பார்த்து வைத்ததுதான்.

ராஜாங்கம் பெர்மனென்ட் ஆள். சுரங்கத்தில் கன்வேயர் எலக்ட்ரீஷியன், இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். எவ்வளவு பெரிய மோட்டார் நின்றாலும் அவர் போய் நின்றால் ஓடும். அப்பேர்ப்பட்டவர் போன வாரம் வரிசையில் நின்று, மகள் எழில்மதியின் லேப்டாப்புக்குக் காண்ட்ராக்ட் பரிகாரம் செய்து, சாமி கொடுத்த சிவப்பு ரட்சைப் பையில் போட்டுப் பயபக்தியோடு குவார்ட்டர்ஸுக்குக் கொண்டுவந்தார். பையிலிருந்து எடுத்தால் வைஃபை இல்லை.

இன்றைக்குப் புதன்கிழமை. நாளைக் காலை பதினோரு மணிக்கு எழில்மதிக்கு ஆன்லைனில் இன்டர்வியூ. டிப்ளமோ முடித்து ஒன்றரை வருஷம் கழித்து வந்திருக்கும் முதல் அழைப்பு. லேப்டாப் வழியாகத்தான் வர வேண்டும் என்று கம்பெனி கண்டிப்பாகச் சொல்லிவிட்டது.

"குடும்மா, பெர்மனென்டாவே பண்ணிக்கினு வந்துடறேன்" என்றார் ராஜாங்கம். பகல் ஷிஃப்ட் முடித்து வந்தவர் சட்டையைக்கூட மாற்றவில்லை.

"மூணு நாள் அந்தாளு வச்சிக்கிட்டா நாளைக்கு நான் எதுலப்பா பேசறது?"

"பேய வச்சிக்கினு பேசுவியா? மெஷினே டீமன்னு சொல்லுதே!"

எழில்மதிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அப்பா, லினக்ஸ்ல டீமன்னா பின்னால இருந்து சத்தமில்லாம வேலை பாக்குற புரோகிராம். நைட் ஷிஃப்ட் ஆளு மாதிரி. அத வெரட்டிட்டா வைஃபையே வராது. இது ஒண்ணும் மூடி வச்ச பெட்டி இல்ல. எப்படி எழுதியிருக்காங்கன்னு யார் வேணாலும் தொறந்து பாக்கலாம். கேட்டா பதிலும் சொல்லும், பாரு."

கறுப்புத் திரையைத் திறந்து ஒரு வரி தட்டினாள். பதில் இரண்டு வரியில் வந்தது. சாஃப்ட் பிளாக், இல்லை. ஹார்ட் பிளாக், ஆமாம்.

ராஜாங்கம் நெஞ்சில் கை வைத்தார். "ஹார்ட் பிளாக்கா? மெஷினுக்குமா?"

"அந்த ஹார்ட் இல்லப்பா! புரோகிராம்ல கோளாறு இல்ல, வெளிய நெசமான ஒரு சுவிட்ச் அடைச்சிருக்குன்னு அர்த்தம். சரி, சுரங்கத்துல உன் மெஷின் ஓடலன்னா முதல்ல இன்னா பாப்ப?"

"மெயின் சுவிட்சு, அதான் ஐசொலேட்டரு, ஆன்ல கீதான்னு பாப்பேன். எந்த மடையனும் அதத்தான்…"

சொல்லிக்கொண்டே வந்தவர் லேப்டாப்பைத் தூக்கி விளிம்பெல்லாம் விரலால் தடவினார். முன்பக்கம் ஓரத்தில் அரிசி அளவுக்கு ஒரு தள்ளு சுவிட்ச். தள்ளினார். தள்ளியதும் அது தன் இடத்துக்கே திரும்பி வந்தது, பக்கத்தில் ஒரு நீல விளக்கு மட்டும் எரிந்தது. திரையில் வைஃபை பெயர்கள் வந்து நின்றன. மறுபடி தள்ளினார். எல்லாம் போயின. இன்னொரு தள்ளு, வந்தன.

இருபத்திரண்டு வருஷம் ஐசொலேட்டர் பார்த்த கை அது. அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ரட்சைப் பையை எடுத்துத் திருப்பினார். வாயோரம் உள்பக்கமாக ஒரு தாயத்தைத் தைத்திருந்தார்கள். லேப்டாப்பை உள்ளே விடும்போது அது உரசும் இடம் சரியாக அந்தச் சுவிட்ச். இப்போது வெட்கம் போய்க் கோபம் வந்தது.

"கெளம்பும்மா."

மாடிப்படிக்குக் கீழேயே வேணு எதிர்ப்பட்டார். ராஜாங்கத்தின் ஷிஃப்ட் கூட்டாளி, சாமியின் பரம பக்தர், ராஜாங்கத்துக்கு வழி காட்டிய புண்ணியவானும் அவர்தான்.

"வேணு, பாத்துக்க. வைஃபை வருதா?"

"நல்லா வருதேண்ணே! அப்புறம் எதுக்கு வந்தீங்க?"

"பெர்மனென்ட் ஆக்கத்தான்."

எழில்மதி லேப்டாப்பை ஆஃப் செய்து கையிலேயே எடுத்துப் போனாள். பையில் போடவில்லை.

சாமி லேப்டாப்பைப் போட்டார். வரிகள் ஓடின. பிரம்பு தட்டியது. "பாத்தீங்களா? போன வாரம் ஒண்ணு, இன்னிக்கு மூணு! குடும்பத்தோட குடியேறிட்டாங்க!" கூட்டம் 'ஐயோ' என்றது. பட்டு விழுந்தது. கை உள்ளே போனது. "இன்டர்நெட்டாய நமஹ!" பட்டு விலகியது.

திரையில் ஒரு பெயரும் இல்லை.

சாமி மீண்டும் பட்டைப் போடப் போனார். ராஜாங்கம் அதைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

"வேணு, கீழ வரும்போது வைஃபை இருந்துதா இல்லியா?"

வேணு சாமியைப் பார்த்தார், ராஜாங்கத்தைப் பார்த்தார். "இருந்துது. என் கண்ணால பாத்தேன்."

"அப்ப இவரு பேய ஓட்டலியே, உள்ள வுட்டுட்டாரே!"

"அது… உக்கிரமான பேயி" என்றார் சாமி. "லேப்டாப்ப இங்கயே வுட்டுட்டுப் போங்க, மூணு நாள்ல…"

"மூணு நாள் எதுக்கு சாமி?" எழில்மதி லேப்டாப்பைக் கூட்டத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். "பட்டுக்குள்ள சாமி தள்ளுனது இந்த சுவிட்சத்தான், ஆன்ல இருந்தத ஆஃப் பண்ணிட்டாரு. எல்லாரும் இந்த வெளக்கப் பாருங்க. பேய் ஓடுது!" தள்ளினாள். பெயர்கள் வந்தன. "பேய் வருது!" போயின. "ஓடுது! வருது! ஓடுது!"

முதலில் ஒரு பள்ளிக்கூடப் பெண் சிரித்தாள். பிறகு மாடியே சிரித்தது. ஆளாளுக்குத் தங்கள் லேப்டாப்பின் விளிம்பைத் தடவ, ஒவ்வொரு மூலையிலும் ஒரு நீல விளக்கு எரிந்தது. வேணு தன் ரட்சைப் பையைத் திருப்பித் தாயத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏங்க, இது நம்ம ஜெயப்பிரகாஷ் இல்ல?" என்றார் பின்னாலிருந்து ஒருவர். "செல்போன் கடையில கண்ணாடி ஒட்டிக்கினு இருந்தவரு?"

தாடி இல்லாமல் யோசித்துப் பார்த்தால் ஜெயப்பிரகாஷேதான். அலைச்சாமி எழுந்து தட்சணைத் தட்டை எடுக்கப் போனார். தட்டின் மேல் பத்துக் கை விழுந்தது. தட்டை அங்கேயே விட்டுவிட்டுப் பரோட்டாக் கடையின் பின்வாசல் வழியாக மறைந்தார். பேய் ஓடி யாரும் பார்த்ததில்லை. பேயோட்டி ஓடியதை அன்று ஊரே பார்த்தது.

மறுநாள் எழில்மதி முக்கால் மணி நேரம் தடங்கலில்லாமல் பேசினாள். அடுத்த சுற்றுக்கு வரச் சொல்லிவிட்டார்கள். ராஜாங்கத்துக்குச் சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை.

சாயந்திரம் வேணு தன் மகனின் லேப்டாப்போடு வந்தார். "நல்லா வேல செய்யுதுண்ணே. இனிமே எந்தச் சாமிகிட்டயும் போவமாட்டேன். எல்லாம் சுவிட்ச்தான்!" என்று பெருமையாக நீட்டினார்.

ராஜாங்கம் வாங்கிப் பார்த்தார். சுவிட்சுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தது.

அவர் தன் வேட்டி நுனியால் அதைச் சுத்தமாகத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். "வேணு, சுவிட்ச வச்சவன் கும்புடறதுக்கு வெக்கல, தள்ளிப் பாக்கத்தான் வச்சான். உன் தலைக்குள்ளயும் ஒண்ணு வச்சிருக்கான். மொதல்ல அத ஆன் பண்ணு."