செல் வெடிக்கும் என்று சொன்னேன்

ஆராய்ச்சி மாணவர்களுக்கு ஒரு தீராத ஏக்கம் உண்டு. யாராவது ஒருவர், "நீ என்னதான் படிக்கிறே?" என்று மனதாரக் கேட்டுவிட மாட்டாரா? (கேட்டவர் தொலைந்தார் என்பது வேறு விஷயம். என் அம்மா கேட்பதை நிறுத்தி வெகுகாலமாகிறது.)

உடம்பிலுள்ள செல்கள், பழுதான தங்கள் பாகங்களைத் தாங்களே தின்று, அதிலிருந்து புதிதாகக் கட்டிக்கொள்ளும். பட்டினி போட்டால் இன்னும் மும்முரமாகத் தின்னும். இதுதான் என் முனைவர் பட்ட ஆராய்ச்சி.

சுங்குவார்சத்திரம் பக்கம் செல்போன் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்த அண்ணன் ஒருநாள் போன் செய்தான்.

"கம்பெனில செல் ரீசைக்கிளிங் பத்திப் பேச ஆள் தேடிக்கினு இருந்தாங்க. என் தங்கச்சி அதுலதான் டாக்டர் பட்டமே வாங்கப் போவுதுன்னு சொல்லிட்டேன். மேனேஜரே வர்றாரு. எனக்கு ப்ரமோஷன் டைம், மானத்த வாங்கிடாத!"

செல்போன் தொழிற்சாலையில் 'செல்' என்றால் என்ன அர்த்தம் என்று யோசித்திருக்கலாம். எங்கே யோசிப்பது? பட்டுப்புடவைக்கு மேட்சாக வளையல் தேடிக்கொண்டிருந்தேன்.

கேன்டீன் ஹால் நிறையப் பெண்கள். பலர் மடியில் பழைய செல்போன். என் பேச்சைப் படம்பிடிக்கப் போகிறார்கள் என்று புல்லரித்துவிட்டது. (கண்ணாடி நொறுங்கிய போனில் எப்படிப் பிடிப்பார்கள் என்று தோன்றவே இல்லை.) புரொஜெக்டர் மக்கர் செய்தது. படமெதற்கு? வாயாலேயே வெளுத்துக்கட்டினேன்.

"பழசாகிப்போன பாகத்தை செல்லே தின்னுடும்!"

ஹாலே வாயைப் பிளந்தது. தூத்துக்குடியிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கி வேலைபார்க்கும் மாரியம்மாள் எழுந்தாள்.

"எக்கா, பழைய செல்லு உப்பிக்கிட்டு வருதே, அது எதுக்கு?"

என்ன அருமையான கேள்வி! உற்சாகம் தலைக்கேறிவிட்டது.

"குப்பை சேர்ந்துடுச்சுன்னு அர்த்தம். அப்படியே விட்டா வெடிச்சுடும்! உங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் கோடிக்கணக்குல இருக்கு. இந்த நிமிஷம்கூட எங்கேயாவது ஒண்ணு வெடிச்சுக்கிட்டுத்தான் இருக்கும்!"

முன்வரிசைப் பெண் தன் போனை வீசியெறிந்தாள். அது சாம்பார் அண்டாவில் போய் விழுந்தது. பாதுகாப்பு அதிகாரி அபாயச் சங்கை அழுத்தினார். கண்மூடித் திறப்பதற்குள் ஹால் காலி. எல்லோரும் வெளியே மைதானத்தில், வெயிலில். தீயணைப்பு வண்டி வேறு வந்து நின்றது.

அண்ணன் ஓடி வந்தான். "இன்னாம்மா பண்ணிட்ட? யாரு செல்லு வெடிக்கப் போவுது?"

"எல்லார் செல்லும்தாண்ணா! ஒடம்புக்குள்ள இருக்கிற செல்லு!"

"ஒடம்புக்குள்ளயா?"

அண்ணன் முகத்தில் ரத்தமே இல்லை. பின்னால் நின்றிருந்த மேனேஜர் சிரிக்க ஆரம்பித்தவர், தரையில் உட்கார்ந்த பிறகும் நிறுத்தவில்லை. எனக்குப் புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்கு ஷேர் ஆட்டோ பிடித்து ரயிலேறிவிடலாமா என்றிருந்தது.

மாரியம்மாள்தான் கையைப் பிடித்தாள். "எக்கா, அப்ப எங்க ஒடம்புக்குள்ளயும் இந்தச் சோலி நடக்கா?"

"நடக்குது. இப்பவும் நடக்குது."

"அப்ப முதல்லேருந்து சொல்லுங்க."

அவள் மண்ணில் உட்கார, மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். வாழ்நாளில் அப்படி நான் பேசியதில்லை. அப்படி யாரும் கேட்டதுமில்லை.

அண்ணனுக்கு ப்ரமோஷன் கிடைத்தது, பாதுகாப்புப் பிரிவில். எந்தத் தீ விபத்து ஒத்திகையிலும் ஹால் அத்தனை வேகமாகக் காலியானதில்லையாம்.

வல்லக்கோட்டையில் எங்கள் தெருவுக்கோ நான் இன்றுவரை 'செல் டாக்டர்'தான். உடைந்த போனோடு வருகிறவர்களிடம், "டாக்டர் உள்ளே இருக்கு, வாங்க" என்று அம்மா சிரிக்காமல் சொல்லி அனுப்புகிறாள். விளக்கி விளக்கி அலுத்துப்போய், போன மாதம் டிஸ்ப்ளே மாற்றக் கற்றுக்கொண்டுவிட்டேன்.