கியர்பாக்ஸை மோந்து பார்த்த நாள்

கேஸ் சிலிண்டரை மூடிவிட்டு, மூடினேனா என்று பார்த்துவிட்டு, பார்த்தேனா என்று சந்தேகம் வந்து மறுபடி எழுந்துபோகிற ஆள் நான். இந்தச் சந்தேகத்துக்கு எனக்குச் சம்பளமும் உண்டு. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, ஆம்பூரில் தோல் கம்பெனியில் சேர்ந்தவன். தோலைப் பார்த்து ரகம் பிரிக்கிற வேலை. பெயிண்ட் அடித்தால் எந்தத் தோலும் மேலே பளபளக்கும். திருப்பிப் போட்டு, உள்பக்கத்தைத் தடவி, மோந்து பார்த்தால்தான் அதன் யோக்கியதை தெரியும். (தீபாவளிச் சட்டையையும் அப்படித்தான் வாங்குவேன். ஜவுளிக்கடைக்காரர்களுக்கு என்னைக் கண்டாலே பேஜார்.)

இந்த மூளையோடுதான் பழைய கார் வாங்கக் கிளம்பினேன்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. பேச்சும் ஒன்றிரண்டு சொல்லாகச் சுருங்கிவிட்டது. கை கால் பயிற்சிக்கும் பேச்சுப் பயிற்சிக்கும் வாரம் மூன்று நாள் வேலூர் போகவேண்டும். ஆட்டோவில் அவரை ஏற்றி, சக்கர நாற்காலியைக் கூரைமேல் கயிறு போட்டுக் கட்டுவோம். ஒருநாள் மாதனூர் தாண்டிக் கயிறு அவிழ்ந்து, நாற்காலி மட்டும் நெடுஞ்சாலையில் தனியாக வேலூருக்குப் புறப்பட்டது. அன்றிலிருந்து அப்பா "வேணாம்" என்ற ஒரே சொல்லோடு வீட்டிலேயே இருந்துவிட்டார். டாக்டரோ, இப்போது விட்டால் பேச்சு திரும்பாது என்றார்.

பள்ளிகொண்டாவில் ஓய்வுபெற்ற நர்ஸ் ஸ்டெல்லா சிஸ்டரிடம் ஏழு சீட்டு எஸ்யூவி ஒன்று விலைக்கு இருந்தது. பின்சீட்டை மடக்கினால் நாற்காலி அப்படியே உள்ளே நிற்கும். ஆனால் ஆட்டோமேட்டிக் கியர். ஒரு வாரம் செல்போனில் வீடியோ பார்த்தேன். தாமதமாக இழுத்தால் போச்சு, உதறினால் போச்சு, அடியில் எண்ணெய் சொட்டினால் மொத்தமும் போச்சு.

ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் முடித்து, ஆஸ்பத்திரிக்கு இல்லை, கார் பார்க்கத்தான் என்று சத்தியம் செய்து அப்பாவையும் மெக்கானிக் இல்யாஸ் பாயையும் அழைத்துக்கொண்டு போனேன். சிஸ்டர் டீ கொடுத்தார். முன்பின் தெரியாதவனுக்கு எதற்கு இவ்வளவு நல்ல டீ? அதையே சந்தேகமாகத்தான் குடித்தேன்.

ஏசியை முழுதாக வைத்து, சுங்கச்சாவடி வரை ஓட்டித் திரும்பினோம். முன்சீட்டில் அப்பா ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"கியர் வெண்ணெ மாதிரி வுழுது. வண்டி சூப்பரா கீது, முருகேசு" என்றார் பாய்.

"அதான் பாய் இடிக்குது. இவ்ளோ நல்ல வண்டிய எதுக்கு விக்கிறாங்க?"

"புள்ள துபாய்க்குப் போய்ட்டான்னு சொன்னாங்களே!"

"சொன்னாங்க. நீங்க பாத்தீங்களா?" (பாய்க்குக் கமிஷன் இருக்குமோ என்ற சந்தேகமும் அந்த நிமிஷமே பிறந்தது.)

வாசலில் வண்டி நின்றதும், தோலைத் திருப்புகிற மாதிரி காரைத் திருப்ப முடியாததால், நானே மல்லாந்து அடியில் நுழைந்தேன். நெற்றியில் சொட்டென்று ஒரு துளி. விரலால் தொட்டு மோந்தேன். எண்ணெய்! அதுவும் கெட்டுப்போன எண்ணெய்!

தவழ்ந்து வெளியே வந்து தெருவே கேட்கக் கத்தினேன். "கியர்பாக்ஸ் ஒழுவுது! உயிர காப்பாத்துற வேலை பாத்துட்டு, ஒரு சீக்காளியோட குடும்பத்த ஏமாத்தலாமா சிஸ்டர்?"

பாய் குனிந்து ஒரு துளியைத் தொட்டு மோந்தார்.

"இது ஏசி தண்ணிபா."

"என் விரல மோந்து பாருங்க பாய்!"

மோந்தவர் இரண்டடி பின்னால் போனார். "யா அல்லா! கார் இல்லடா, உன் கைதான் நாறுது!"

தோல் மிருதுவாக இருக்க மீன் எண்ணெய் ஊற்றுவார்கள். காலையிலிருந்து அந்தத் தோலைத்தான் தடவியிருந்தேன். தினமும் என்னோடு வீட்டுக்கு வருகிற வாடை என்பதால் என் மூக்கு அதை மதிப்பதில்லை. அன்று திருடனைத் தேடிப் போன மூக்கு, கூடவே வந்தவனைப் பிடித்துவிட்டது.

சிஸ்டர் உள்ளே போய் ஒரு சோப்போடு வந்தார். "குழாய் அங்க இருக்கு. முழங்கை வரைக்கும் கழுவுங்க. நகத்து இடுக்கையும்."

ஆபரேஷனுக்குப் போகிறவன் மாதிரி கழுவினேன். அண்டைவீட்டார் மதில்மேல் சாய்ந்து வேடிக்கை பார்த்தார்கள்.

"இப்ப போய் மோந்து பாருங்க."

மறுபடி அடியில் நுழைந்து மோந்தேன். தண்ணீர். பச்சைத் தண்ணீர்.

"மன்னிச்சிடுங்க சிஸ்டர். வண்டிய எடுத்துக்கிறேன்."

"நான் குடுக்கறதா இல்ல. நாளைக்கு டயர்ல காத்து எறங்கினாலும் என் வாசல்ல வந்து கத்துவீங்க. கெளம்புங்க."

தலை குனிந்து முன்கதவைத் திறந்தேன், அப்பாவை இறக்க. அவர் உடம்பு குலுங்கிக்கொண்டிருந்தது. பயந்துவிட்டேன். பார்த்தால், சிரிக்கிறார். பாதி வாய் சிரிக்க, பாதி வாய் சும்மா இருக்க, கண்ணில் தண்ணீர் வழிகிறது. நாற்காலி ரோட்டில் ஓடிய நாளுக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்க்கவில்லை.

"கை... கழுவு" என்றார் என்னைப் பார்த்து.

சிஸ்டரும் சிரித்துவிட்டார். அருகே வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "வண்டி உங்களுக்குத்தான்யா. இவருக்கில்ல." சாவியோடு அந்தச் சோப்பையும் என் கையில் வைத்தார்.

அந்தச் சோப்பு இன்னும் டேஷ்போர்டு பெட்டிக்குள்தான் இருக்கிறது. வீட்டில் நான் எதைச் சந்தேகப்பட்டாலும், பால் திரிந்ததோ என்று கேட்டால்கூட, "மொதல்ல கை கழுவுனியா?" என்பதுதான் பதில்.

வண்டி இதுவரை ஒருநாளும் உதறவில்லை. அப்பா வாரம் மூன்று நாளும் வேலூருக்குத் தாமே தயாராகிவிடுகிறார். போன மாதம், பேச்சுப் பயிற்சி தருகிற பெண், "ஐயா, முழுசா ஒரு வாக்கியம் சொல்லுங்க பாப்போம்" என்றார். அப்பா என் பக்கம் மெல்லத் திரும்பினார். ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்துச் சொன்னார்:

"என் புள்ள... இன்னும்... கை கழுவல."

அந்தப் பெண் கை தட்டினார். நான் எதற்கும் இருக்கட்டும் என்று விரலை மோந்து பார்த்துக்கொண்டேன்.