தோட்டத்தையே உட்கார வைத்த வட்டக்கா

ராணுவமே வந்தாலும் அதை வட்டமாக உட்கார வைத்துப் பேசச் சொல்லக்கூடிய மனுஷி இந்த மலைநாட்டில் ஒருத்தர்தான் உண்டு. மஸ்கெலியாப் பக்கம் நான் பள்ளிக்கூட மாஸ்டராக இருக்கும் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். சொந்தப் பெயரைக் கேட்டால் அவர் புருஷனே கொஞ்சம் யோசிப்பார். எங்களுக்கு அவர் வட்டக்கா.

எல்லாம் ஹட்டனில் நடந்த ஒரு பயிற்சியால் வந்த வினை. ஊர் வேலையை ஊர்க்காரர்களே பேசி முடிவெடுப்பது எப்படி என்று சொல்லிக் கொடுத்தார்களாம். போன மற்றவர்கள் பகல் சாப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டே திரும்பினார்கள். வட்டக்கா மட்டும் சாமி பார்த்தவர் மாதிரி வந்து இறங்கினார்.

"மாஸ்டர், ஆப்பிரிக்காவுல மரத்தடியில வட்டமா உக்காந்துதான் கெணறு எங்க வெட்டுறதுன்னு பேசுறாங்க. படம் காட்டுனாங்க. அதுல யாரு தலைவருன்னே கண்டுபிடிக்க முடியல மாஸ்டர்!"

எங்கள் ஆட்களுக்கு வட்டம் பழக்கமில்லை. குடியிருக்கும் லயம் வரிசை. விடிந்ததும் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் வரிசை. கொழுந்து நிறுக்கவும் வரிசை. வட்டக்கா கூட்டிய முதல் கூட்டத்துக்கு வந்தவர்கள் அவர் முன்னால் வரிசையாக நின்று, "இன்னைக்கு எந்த மலைக்குப் போகணும்?" என்று கேட்டார்கள்.

அவர் அசரவில்லை. ஒவ்வொருவராகத் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். சட்டம் இதுதான்: எல்லாரும் பேச வேண்டும், எல்லாரும் பேசி முடிக்கும்வரை யாரும் மறுபடி வாய் திறக்கக் கூடாது. மைக்கைப் பிடித்தால் விடாத எங்கள் சங்கத் தலைவர் இதனாலேயே இளைத்துப் போனார். ஒரு தடவை நாயொன்று வந்து வட்டத்தில் படுத்துக்கொண்டது. அதன் முகத்தையும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் அடுத்த ஆளுக்குப் போனார் வட்டக்கா.

பரிசம் போடும் வீட்டிலும் இதே கதை. இரண்டு வீட்டாரையும் வட்டமாக உட்கார வைத்துவிட்டார். பெண்ணின் முறை வந்தது. "மீசை மட்டும் வேணாம்" என்றாள். சாப்பாட்டுக்கு முன்னால் மாப்பிள்ளை மழுமழுவென்று வந்து பந்தியில் உட்கார்ந்தார்.

ஹட்டன் போகும் வழியில் பஸ் நின்றுபோனபோதும் விடவில்லை. ரோட்டோரத்தில் எல்லாரையும் உட்கார வைத்தார். தமிழே தெரியாத கண்டக்டரும் தன் முறைக்குச் சிங்களத்தில் ஏதோ உருக்கமாகச் சொன்னார். கடைசியில் எடுத்த முடிவு, பஸ்ஸைத் தள்ளுவது. இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்தான். ஆனால் அன்றைக்கு ஒருத்தர்கூடச் சும்மா கையை வைத்துக்கொண்டு தள்ளுவதுபோல் நடிக்கவில்லை.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த என் சிரிப்பை நிறுத்தியது தண்ணீர்க் கூட்டம்.

ஒரு நிறுவனம் பைப்பு தருவதாகச் சொன்னது, தோண்டுவது நாங்கள். மலை உச்சி ஊற்றிலிருந்து பைப்பு கீழே வர வேண்டும். எங்கள் தோட்டத்தில் எது வந்தாலும் கடைசி லயத்துக்கு முன்னால் தீர்ந்துபோகும். கொங்கிறீட் பாதை அப்படித்தான் பாதியில் நின்றது. கூரைத் தகரமும் அப்படித்தான். எல்லாவற்றுக்கும் கீழே இருக்கும் அந்தக் கடைசி லயத்தில் செல்வி நிறைமாதமாக இருந்தாள். ஓடையிலிருந்து வழுக்குப் பாறையில் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஏறுவாள். ஒரு தடவை விழுந்தும் இருந்தாள்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த இளம் எஞ்சினியர், "ஊத்தடியில இருந்து தொடங்குவம்" என்றார். சரி சரி என்று வட்டம் முழுக்க ஒரே குரல். எழுந்திருக்கப் போனோம்.

"இருங்க. செல்வி இன்னும் பேசல" என்றார் வட்டக்கா.

"அதான் அவ புருஷன் பேசிட்டான்ல?" என்றார் தலைவர்.

"அது அவரு பேச்சு."

செல்வி குனிந்து தரையைக் கீறிக்கொண்டிருந்தாள். மூடுபனி இறங்கியது. தேத்தண்ணி ஆறியது. "அக்கா, ஆக்கள் எல்லாரும் ஓமெண்டு சொல்லிட்டினம்" என்று எஞ்சினியர் கெஞ்சினார். வட்டக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. செல்வியை அவசரப்படுத்தவும் இல்லை. உலகத்தில் வேறு வேலையே இல்லாதவர் மாதிரி சும்மா உட்கார்ந்திருந்தார். அப்படி ஒரு பொறுமையை நான் எந்தக் கோயிலிலும் பார்த்ததில்லை.

கடைசியில் செல்வி வாயைத் திறந்தாள்.

"எங்க வாசல்லேருந்து தோண்டுங்க. மேலேருந்து வந்தா, பைப்பு கொறஞ்சா எங்களுக்கு மட்டுந்தான் தண்ணி இல்ல. நாங்க கேட்டா யாரு கேப்பாங்க? கீழேருந்து போனா, கொறஞ்சா எல்லாரும் சேந்து கேப்பீங்கல்ல?"

எஞ்சினியர் தலையைச் சொறிந்து, பிறகு சிரித்து, "அதுவும் சரிதான்" என்றார்.

கீழிருந்தே தோண்டினோம். சொன்ன மாதிரியே, ஊற்று கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் பைப்பு தீர்ந்துபோனது. தோட்டம் முழுக்கக் காய்ந்த குழாய். தலைவர் அன்றைக்கே ஹட்டனுக்குப் பறந்தார். கோயில் கமிட்டி பின்னாலேயே ஓடியது. மிச்சப் பைப்பு வந்த வேகத்தில் எங்கள் தோட்டத்துக்கு வேறெதுவும் வந்து நான் பார்த்ததில்லை.

தண்ணீர் வந்த அன்று செல்வி வாசலில் நின்றபடியே குடத்தை நிரப்பினாள். வட்டக்கா ஓரமாக நின்று அழுதுகொண்டிருந்தார்.

போன வருஷம் எனக்கு டவுன் பள்ளிக்கூடத்துக்கு மாற்றம் தருவதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்றுவிட்டேன். நான் வாய் திறக்கும்வரை காத்திருக்க, அங்கே யார் இருக்கிறார்கள்?