குதிரைக்குட்டி கட்டாயம் சாக வேண்டும்

அநீதிகளை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன். வரிசை மாறினால் அதிகாரிகள் மறுப்பறிக்கை விடுவார்கள். முதலில், பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று ஓஷ் நகரில் எங்கள் கணினி விளையாட்டுக் கூடத்தின் மின்சாரத்தைத் துண்டித்தார்கள். அடுத்து, விளையாட்டால் அந்நியச் செலாவணி வரும் என்று கேள்விப்பட்டு, மின்சாரத்தைக் கொடுத்துவிட்டுக் கூடத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். அதற்கும் பிறகு அங்கே உணர்ச்சி மேம்பாட்டு வாரியம் குடியேறியது. வாரியத்தை அழவைக்காத விளையாட்டு வெளிவரக் கூடாது என்பது விதி. ஊரில் அழுகை நாகரிகமானது. காதலர்கள் ஒரே கைக்குட்டையோடு விளையாட வந்தார்கள்.

ஊல்கான் என்ற பெண் ஒரு வாய்க்கால் விளையாட்டைச் செய்திருந்தாள். பனி உருகும் கணக்கு, மடைகள், ஊர்களின் முறை எல்லாம் பார்த்துத் தண்ணீரைப் பங்கிட வேண்டும். பிசகினால் கடைமடை ஊரில் ஒரு குதிரைக்குட்டி தாகத்தில் சாகும். சான்றிதழ் கிடைக்காவிட்டால் அவள் மாஸ்கோவுக்குத் தரை துடைக்கப் போக வேண்டியதுதான்.

வாரியத் தலைவர் மெதெத்பெக் ஓரோசோவிச் ஆடிப் பார்த்தார். குட்டி செத்தது.

"அழுகை வரலையேம்மா."

"குட்டி செத்துப்போச்சே ஐயா."

"செத்துச்சு. ஆனா நான்தான் சாகடிச்சேன்னு தோணுது. அது துக்கமில்ல, சங்கடம். வாரிய அட்டவணையில சங்கடத்துக்குக் கட்டம் இல்ல."

"தண்ணிய மேல்மடையிலயே நிறுத்தினது நீங்கதானே?"

"எங்க ஊரு மேல்மடை. சொந்த ஊருக்கு விடாம யாருக்கும்மா விடுவேன்?"

கணக்கு துக்கத்துக்கு இடையூறு என்று ஆணை பிறந்தது. பனி போனது, ஊர்முறை போனது, மடைகள் ஒவ்வொன்றாகப் போயின. கடைசியில் ஒரே மடை, ஒரே கதவு.

"அதுவும் எதுக்கு?" என்றார் தலைவர்.

"ஆடுறவங்க கைக்கு ஒரு வேலை வேணாமா ஐயா?"

"இருக்கட்டும். ஆனா குட்டி கட்டாயம் சாகணும்."

"சாகும் ஐயா. ஆடுறது நம்ம ஆளுங்கதானே."

போராடு, நான் துண்டறிக்கை அடிக்கிறேன் என்று ஊல்கானிடம் சொன்னேன்.

"தாலாய் அண்ணே, உங்க துண்டறிக்கையக் காட்டினா மாஸ்கோவுல வாடகை கேக்காம விட்டுருவாங்களா?" என்றாள். "ஒரே ஒரு வழக்கத்த மட்டும் விளையாட்டுல விட்டு வெச்சிருக்கேன்."

எங்கள் பள்ளத்தாக்கில் தண்ணீர் முறை முடிந்ததும், மடையை அடைத்தவர் பெயரை ஊரார் முன் உரக்கப் படிப்பார்கள். மரபு என்ற சொல்லைக் கண்டதும் வாரியம் மேலே படிக்காமல் ஒப்புதல் தந்தது. சான்றிதழுக்கு மட்டும் வெள்ளோட்டம் முடிய வேண்டும்.

வெள்ளோட்டத்தன்று கூடம் நிறைந்திருந்தது. தலைவர் தம் ஊர் வயலை நிரப்பிக்கொண்டு கதவை மூடினார். குட்டி மண்டியிட்டது. ஒப்பாரி ஒலித்தது. கூடம் தேம்பியது. தலைவரும் மூக்கைச் சிந்தினார். அப்போது ஒலிபெருக்கி சொன்னது: "மடையை அடைத்தவர், மெதெத்பெக் ஓரோசோவிச்."

அழுகை நின்றது.

"சரியா கேக்கல, இன்னொரு தடவ படிங்க," என்றேன் நான்.

தலைவர் சான்றிதழில் குத்த எடுத்த முத்திரையைக் கீழே வைத்தார். "என் பேரு மட்டும் வந்தா அது சதி. எல்லார் பேரும் வந்தா அது உணர்ச்சி. இன்னொருத்தர் ஆடட்டும், அப்புறம் முத்திரை."

"தாலாய் அண்ணே ஆடட்டும்," என்றது ஒரு குரல். "தண்ணிப் போராட்டத்துல ஜெயிலுக்குப் போனவராச்சே."

ஊல்கான் என்னைப் பார்த்தாள். உட்கார்ந்தேன். தண்ணீரைக் கீழே விட வேண்டும் என்பது எனக்குத் தெரியாததா? துண்டறிக்கையில் அதை எழுதியவனே நான்தான். ஆடுகிறவரின் ஊரே மேல்மடையாக வரும்; திரையில் இப்போது என் ஊர் வாதுமை மரங்கள் வாடி நின்றன. கதவைச் சற்றே மூடி வைத்துக்கொண்டு, என் ஊருக்கு இழைக்கப்பட்ட அநீதிகளை வரிசையாக நினைத்துப் பார்த்தேன். முதலில், அடுத்து, அதற்கும் பிறகு. வரிசை நீளமானது. நான் பாதிக்கு வருவதற்குள் குட்டி மண்டியிட்டுவிட்டது.

தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு முத்திரையைக் கையில் எடுத்தார். கூடியிருந்த அத்தனை பேரும் கேட்க, ஒலிபெருக்கி படித்தது:

"மடையை அடைத்தவர், சத்தார் ஊலு தாலாய்."