மூக்காண்டியின் கொப்பரை

"வே மூக்காண்டி! கொப்பரையில அப்படி என்னத்தைப் போட்டுக் காய்ச்சுதீரு? டீயில ஆஸ்பத்திரி வாடை வருதுன்னு குடிக்க வாரவன்லாம் கிளாஸை வச்சுட்டு எந்திரிச்சுப் போறான்!"

பக்கத்து டீக்கடை மைதீன் பாட்சாவின் தலை மட்டும் சுவருக்கு மேல் தெரிந்தது.

"சுவிட்சு," என்றார் மூக்காண்டி, கிண்டுவதை நிறுத்தாமல்.

"என்னது?"

"பழைய சுவிட்சு, ஹோல்டர், பிளக்கு. பூரா பேக்லைட்டு."

பாட்சாவின் தலை சுவருக்குக் கீழே இறங்கியது.

சங்கரன்கோவிலில் தறிகளுக்கு மோட்டார் பழுதுபார்ப்பவர் மூக்காண்டி. கடையின் பின்கட்டில், கழற்றிப்போட்ட பேக்லைட் என்கிற கெட்டிப் பிளாஸ்டிக் சாமான்கள் சாக்குச் சாக்காகக் குவிந்திருந்தன. பழைய பிளாஸ்டிக் பக்கெட்டுக்குப் பேரீச்சம்பழம் தருகிற வியாபாரி, இதைக் கண்டால் மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுவிடுவான். பக்கெட் உருகும், மறுபடி பக்கெட் ஆகும். பேக்லைட் ஒருதரம் இறுகிவிட்டால் தறியில் பாவும் ஊடையும்போல உள்ளுக்குள் பின்னிக்கொள்ளும். தீயில் போட்டால் கருகுமே தவிர உருகாது.

"வெந்த சோறு திரும்பவும் அரிசியாகுமா அண்ணாச்சி?" என்று அவன் சிரித்ததுதான் வினையாகப் போயிற்று.

"ஆக்கிக் காட்டுதேன்லே!" என்றார் மூக்காண்டி.

சாயப்பட்டறையில், காஸ்டிக் சோடா கொதிக்கும் தொட்டிக்குள் விழுந்த சுவிட்சு ஒன்று ஓரமெல்லாம் கரைந்து கிடந்ததை அவர் கண்ணாலேயே பார்த்திருந்தார். தீக்கு மசியாதது காரத்துக்கு மசிகிறது! அன்றைக்கே காஸ்டிக் சோடா வாங்கிவந்து, வீட்டு அலுமினியப் பானையில் கரைத்து அடுப்பில் ஏற்றினார்.

சுவிட்சு கரையவில்லை. பானை கரைந்தது.

"சோறு பொங்குத பானைங்க அது!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் அவர் மனைவி மாரித்தாய். "இனிமே எதுல உலை வைப்பேன்?"

"இரும்புன்னா தாங்கும்," என்று சொல்லிவிட்டு, கருப்பட்டி காய்ச்சுகிற கொப்பரை ஒன்றை இரவல் வாங்கி வந்தார் மூக்காண்டி.

கொப்பரை தாங்கியது. கருஞ்சிவப்பாகக் குழம்பும் இறங்கியது. வாடையும் லேசாகக் கிளம்பியது. பாட்சா எட்டிப் பார்த்தது அப்போதுதான்.

அண்டை வீட்டுக்காரன் வயிற்றில் அடிக்கலாமா? காரத்துக்குப் புளிப்புதானே மாற்று என்று யோசித்து, பேட்டரி ஆசிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தார் மூக்காண்டி. அதுவரை குழம்புக்குள் அடங்கிக் கிடந்த ஆஸ்பத்திரி கழுவுகிற கார்பாலிக் நெடி குப்பென்று எழும்பியது. டீக்கடை பெஞ்சு மொத்தமும் காலியானது.

"யா அல்லா! ஏற்கெனவே அடிச்சதே பரவாயில்லையே வே!"

"பொறும் வே, மேல ஏத்தி விட்டுருதேன்."

தகரத்தைச் சுருட்டி உயரமாகப் புகைபோக்கி வைத்தார். ஆடிக் காற்று சும்மா இருக்குமா? பாட்சா கடையோடு நின்ற வாடையைத் தேரடி வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது.

"கொட்டித் தொலைங்களேன்," என்றாள் மாரித்தாய், சேலைத்தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு.

"இம்புட்டுத் தூரம் வந்துட்டுக் கொட்டவா? வாடையை அமுக்குததுக்கு வழி இருக்கு."

பட்டறையிலிருந்து பிளீச்சிங் பவுடர் வாங்கிவந்து, தெரு வாய்க்கால் ஓரம் நெடுகத் தூவினார். தூவிவிட்டு நிமிர்ந்தபோது எதிர்வீட்டுக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. அடுத்த வீட்டுக் கதவும் சாத்திக்கொண்டது.

தெருவெல்லாம் கொள்ளைநோய்க்குத் தூவுகிற வெள்ளைப் பொடி. காற்றெல்லாம் ஆஸ்பத்திரி நெடி. ஊர்க்கூட்டம் வந்து குவியும் ஆடித்தபசுத் திருவிழா வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. ஊருக்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

"காலரா!" என்று யாரோ கத்தினார்கள்.

கொஞ்ச நேரத்தில் பஸ்கள் அந்தப் பக்கம் நிற்காமல் பறந்தன. பாட்சா அழாத குறையாகக் கடையைச் சாத்தினார். ஜீப்பில் சுகாதார இன்ஸ்பெக்டர் கைலாசநாதனும் நர்ஸ் ஆறுமுகத்தாயும் வந்து இறங்க, தெருவே ஓடிப்போய் அவர்கள் முன்னால் வரிசை கட்டியது. "எனக்கு முதல்ல போடுங்கம்மா!" என்று ஒருவரை ஒருவர் இடித்துத் தள்ளினார்கள். அந்த நெரிசலில் மூக்காண்டிக்கும் மாரித்தாய்க்கும்கூட ஊசி விழுந்தது.

புஜத்தைத் தேய்த்துக்கொண்டே பின்கட்டுக்கு வந்து கொப்பரையைக் கிண்டினார் மூக்காண்டி. துடுப்பில் எதுவும் தட்டவில்லை. ஒரு சுவிட்சு இல்லை, ஒரு ஹோல்டர் இல்லை. அடியில் தேன்பாகுபோல ஒரு பிசின். தொட்டுப் பார்த்தார்; விரலில் இழுபட்டது. அவர் கண் கலங்கிவிட்டது. நெடியினால் மட்டும் அல்ல.

"யாருவே இங்கன என்னமோ காய்ச்சுதது?"

இன்ஸ்பெக்டர் கர்ச்சீப்பால் மூக்கைப் பிடித்தபடி நின்றார். பின்னால் நர்ஸ், காலி மருந்துப் பெட்டியோடு.

மூக்காண்டி கொப்பரைக்கு முன்னால் கையை விரித்து மறித்துக்கொண்டார்.

"நான்தான் சார். ஊருல யாருக்கும் காலரா கிடையாது. இது பேக்லைட்டு வாடை. கேஸ் போடுங்க, ஜெயிலுக்கு வாரேன். ஆனா இதைக் கொட்ட மட்டும் விடமாட்டேன். வெந்த சோத்தை அரிசியாக்கியிருக்கேன் சார்!"

இன்ஸ்பெக்டர் நர்ஸைத் திரும்பிப் பார்த்தார்.

"கேஸா?" என்றாள் ஆறுமுகத்தாய். "ஊசின்னு சொன்னாலே கொல்லைவழியா ஓடுத ஊரு, இன்னைக்குத்தான் தானா வந்து கையை நீட்டியிருக்கு. அண்ணாச்சி, நாளைக்கு எங்களுக்குக் குருவிகுளத்துல ஊசி கேம்ப்பு. கொப்பரையை ஜீப்புல ஏத்திக்கிடுதோம், அங்கனயும் வந்து கொஞ்சம் காய்ச்சுதீகளா?"